ஓரகத்தியை முந்தப் போய்...

நானும் என் ஓரகத்தியும் நகரியில் தனித்தனியாக ஆன்லைனில் சேலை விற்கிறோம். அவள் மாதாமாதம் விற்பனைத் தொகையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவாள். மாமியார் அதைச் சத்தமாக வாசிப்பார். எனக்கு வயிறு எரியும். அவளை முந்துவதற்காகவே, தெருக்காரர்கள் விற்க வைத்திருந்த சேலைகளையும் என் ஆன்லைன் கணக்கில் விற்றுக் கொடுத்தேன். ஸ்டேட்டஸில் ஜெயித்தேன்!

வரி கட்டும்போது ஆடிட்டர் சொன்னார்: “இன்னாம்மா, ஆன்லைன் கம்பெனி கமிஷன் போக கைக்கு வந்தத மட்டும் சொல்ற? வித்தது மொத்தமும் உன் பேர்லதான் வரி ஆபீசுக்குப் போயிக்கீது!”

ஓடிப்போய் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வந்து காட்டினேன். தெருக்காரர்களுக்கு பேங்க் வழியாகவே பணம் அனுப்பியிருந்ததால், அது என் வருமானம் இல்லை என்று காட்டித் தப்பித்தேன்.

இப்போது என் சேலையை மட்டுமே விற்கிறேன். கமிஷன் ரசீதையும் எடுத்து வைக்கிறேன். ஓரகத்தி இன்னும் ஸ்டேட்டஸ் போடுகிறாள். வயிறு எரியத்தான் செய்கிறது. போடட்டும், அதற்கு வரியும் அவள்தானே கட்ட வேண்டும்!