வழிந்த பெயிண்ட்

என் தங்கை புருஷனைக் கப்பலில் எல்லாரும் "போசன்" என்று கூப்பிடுவார்கள். மேல்தளத்து ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரிக்குக் கப்பலில் அதுதான் பெயர். அவர் காதில் விழாத தூரத்தில் "வெள்ளை" என்பார்கள். ஆள் நல்ல கறுப்பு. கையை விட்டு இறங்காத பெயிண்ட் டப்பாவால் வந்த பெயர் அது. முப்பத்தொரு வருடக் கடல் வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. துருப் பிடித்தால் பெயிண்ட் அடிப்பார். துருப் பிடிக்காவிட்டால், பிடித்துத் தொலைக்கப் போகிறதே என்று அடிப்பார்.

அவர் வேலை பார்த்த கப்பல் கம்பெனியின் கரை அலுவலகத்தில், ஆட்களைப் பற்றிய பதிவுகளை வைத்திருந்தவன் நான். ஆகவே கீழே எழுதுவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவரும் கேப்டனும் தனித்தனியாகச் சொன்னது. இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடங்களில் மூன்றாவது ஆளிடம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

கல்யாணமான பிறகு வந்த முதல் விடுமுறையில் அவர் வீட்டு ஜன்னல்களுக்குப் பெயிண்ட் அடித்தார். சட்டத்தையும் கதவையும் சேர்த்தே பிரஷ்ஷை இழுத்துவிட்டதில் மூன்று ஜன்னல்கள் அதன் பிறகு திறக்கவில்லை. அடுத்த விடுமுறையில் கதவுக் கீல்கள், குழாய்த் திருகு, அழைப்பு மணியின் பொத்தான். அந்தப் பொத்தான் யாரோ அழுத்தியபோது உள்ளேயே ஒட்டிக்கொண்டது. அவர் நிம்மதியாகக் கடலில் இருந்த ஒரு மத்தியானம் முழுவதும் வீட்டில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. என் தங்கைக்கு அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. "கடல்ல இருக்கிறவரைக்கும் அவரைப்போல ஒரு புருஷன் கிடையாது அண்ணே" என்பாள். அதை அவள் கிண்டலாகச் சொன்னதே கிடையாது.

கப்பல் பழசு. பயணிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு நாட்டுக் கரைகளுக்கு நடுவே போய்வரும். நாடு விட்டு நாடு போவதால், உலக நாடுகள் கூடிப் பேசி எழுதிய விதிகள் அத்தனையும் அதற்கு உண்டு. அந்தப் புத்தகங்களை அடுக்கினால் மேலே ஏறி நின்று ஒட்டடை அடிக்கலாம். சாரம் என்னவோ சின்னதுதான்: கப்பல் மூழ்கக் கூடாது, எரியக் கூடாது, மூழ்கினாலோ எரிந்தாலோ ஆட்கள் தப்பிக்க வழி இருக்க வேண்டும், எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் கடலை அசிங்கப்படுத்தக் கூடாது. எங்கள் கப்பலில் அந்தப் புத்தகங்கள் கேப்டன் அறை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் புத்தம் புதிதாக இருந்தன. கண்ணாடிச் சட்டத்துக்கு மாப்பிள்ளை பெயிண்ட் அடித்திருந்ததால் அலமாரியைத் திறக்க முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அது உண்மையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

துறைமுகத்தில் விதிகளைச் சோதிக்க ஒரு அதிகாரி அம்மா இருந்தார். குள்ளமான உருவம், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, கைப்பையில் ஒரு சின்னச் சுத்தியல். கப்பல்காரர்கள் அவரைச் சுத்தியல் அம்மா என்பார்கள். அந்த வருடம் முதல் சோதனைக்கு வந்தவர், தீப்பிடித்தால் காற்றை அடைக்க வேண்டிய மூடியை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. கதவின் விளிம்பிலே தண்ணீர் புகாமல் தடுக்கிற ரப்பரை அழுத்திப் பார்த்தார். பெயிண்ட் ஏறி ஏறி ரப்பர் கல்லாகியிருந்தது. கடைசியாக உயிர்காப்புப் படகின் கொக்கியைக் கழற்றிக் காட்டச் சொன்னார். இரண்டு ஆட்கள் தொங்கியும் கைப்பிடி அசையவில்லை. பளபளவென்று, பார்க்க அழகாக, வெள்ளைவெளேர் என்று இருந்தது கொக்கி.

ஒரு மாதத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். அதற்குள் எல்லாம் சரியாக வேண்டும், இல்லையென்றால் கப்பல் கரையை விட்டு நகராது.

கேப்டன் மாப்பிள்ளையை விட வயதில் சின்னவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காக "இஸ்திரி" என்று பெயர் வாங்கியவர். அன்றைக்கே போசனைக் கூப்பிட்டு, பெயிண்ட் அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த தடவை பெயிண்டால கப்பல் நின்னுச்சுன்னா, நீங்க கரைக்குப் போயிட வேண்டியதுதான் போசன். திரும்பி ஏற முடியாது."

மாப்பிள்ளைக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. கரையில் அவருக்குச் செய்ய ஒரு காரியமும் கிடையாது. கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கிவரக்கூடத் தெரியாது. அந்த வாரம் வீட்டுக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னார். என் தங்கைக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பார்வை மெதுவாக, இன்னும் திறந்துகொண்டிருந்த ஜன்னல்களின் பக்கம் போனதை நான் கவனித்தேன்.

மறுநாளிலிருந்து மாப்பிள்ளை சுரண்ட ஆரம்பித்தார். அடித்த கையாலேயே சுரண்டுவது சின்ன விஷயமில்லை. ஆனால் அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. முன்பு கண்டதையெல்லாம் பூசியவர் இப்போது கண்டதையெல்லாம் உரித்தார். ரப்பர்களைச் சுத்தம் செய்தார், கொக்கிகளைப் பளிச்சென்று ஆக்கினார், மூடிகளுக்குக் கிரீஸ் வைத்தார். அந்த வேகத்தில் படகின் பக்கவாட்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருந்ததையும் சுரண்டி எடுத்துவிட்டார். துணைக் கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் எழுதவைத்தார்.

உரிந்த பெயிண்டைக் கடலில் தள்ள முடியாது. பழைய நாளில் துடைப்பத்தால் ஒரு தள்ளு, முடிந்தது வேலை. இப்போது விதி வேறு. ஒரு செதில்கூடத் தண்ணீரில் விழக் கூடாது, எல்லாம் மூட்டை கட்டிக் கரையில் ஒப்படைக்க வேண்டும். மாப்பிள்ளை பக்கவாட்டில் துணி கட்டி, செதில்களைப் பெருக்கி, சாக்குகளில் நிரப்பினார். "இவ்வளவையும் நானா மச்சான் அடிச்சேன்?" என்று சாக்குகளைப் பார்த்து என்னிடம் கேட்டார். குரலில் வருத்தத்தை விடப் பெருமைதான் கூடுதலாகத் தெரிந்தது.

சோதனைக்கு முந்தின நாள் காலையில் அவர் இரண்டாம் நம்பர் படகுக்குப் போனார். அந்தப் படகைக் கப்பலுக்கு வெளியே நீட்டி இறக்க இரண்டு இரும்புக் கைகள் உண்டு. பின்பக்கத்துக் கையின் அடிப்பாகத்தைச் சுரண்டினார். பெயிண்ட் வந்தது, அதற்குக் கீழே இன்னொரு பெயிண்ட் வந்தது, பிறகு துரு வந்தது, துருவுக்குப் பிறகு கையிலிருந்த சுரண்டியே உள்ளே போய்விட்டது. இரும்பு என்று அங்கே எதுவும் பாக்கியில்லை. பெயிண்டின் மேல் பெயிண்டாக அவர் பூசியதுதான் இத்தனை வருடமாக இரும்பு வேடம் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டை.

கேப்டன் வந்து பார்த்தார். புதுக் கை செய்து கொண்டுவர இரண்டு வாரமாவது ஆகும். பயணச் சீட்டெல்லாம் விற்றாகிவிட்டது. அவர் பையிலிருந்து பெயிண்ட் அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

"ஓட்டையில ஏதாவது அடைச்சு, மேல ரெண்டு பூச்சு அடிச்சு விடுங்க போசன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

மாப்பிள்ளை சாவியை வாங்கவில்லை. கப்பல் வாழ்க்கையில் யாராவது பெயிண்ட் அடி என்று சொல்லி அவர் கையை நீட்டாதது அன்றுதான். கேப்டனே இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"நிக்காது சார்," என்றார் மாப்பிள்ளை.

"எது நிக்காது?"

"பெயிண்ட். ஈரத் துரு மேல அடிச்சா நாளைக்கே பொரிஞ்சு வந்துடும். 'வெள்ளை' அடிச்சதுன்னு ஊரே சொல்லும். நான் அடிக்க மாட்டேன்."

இந்த இடத்தில் கதை கேட்பவர்கள், பயணிகளின் உயிரை நினைத்து அவர் நெஞ்சு நிமிர்த்தினார் என்று எழுதச் சொல்வார்கள். நான் அவரிடமே கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்ல மச்சான். மொதல்ல பெயிண்டுதான் நெனப்புக்கு வந்துச்சு. அப்புறம், அவசரம்னா அந்தப் படகுலதான் எனக்கு எடம் குடுத்திருக்காங்க, அதையும் நெனச்சேன்" என்றார். நான் எழுதிக்கொண்டேன்.

மற்ற ஆட்களும் போசன் தொடாததைத் தொட மாட்டோம் என்று நழுவிவிட்டார்கள். கடைசியில் கேப்டனே மறுநாள் காலை டப்பாவும் பிரஷ்ஷுமாகப் படகுப் பக்கம் போனார். ஓட்டையில் துணியைத் திணித்து, மேலே ஒட்டும் பட்டையைச் சுற்றி, பெயிண்டைக் குழப்பிக் குழப்பி அடித்தார். மாப்பிள்ளை பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிடம் தன் வாழ்நாளிலேயே கொடுமையானது என்று பிறகு சொன்னார். கேப்டன் பிரஷ்ஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொள்ளவே இல்லையாம்.

சுத்தியல் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். மூடிகளை இழுத்தார், வந்தன. கதவு விளிம்பில் சுண்ணக்கட்டி தேய்த்து மூடித் திறந்து பார்த்தார், ரப்பரில் கோடு அறுபடாமல் விழுந்திருந்தது. செதில் மூட்டைகள் எங்கே என்று கேட்டார், காட்டினார்கள். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று தெரிந்ததாகத் துணைக் கேப்டன் சொன்னார்.

பிறகு இரண்டாம் நம்பர் படகு. இரும்புக் கையின் அடியில் விரலை வைத்தார். விரல் வெள்ளையானது. பெயிண்ட் சொட்டுச் சொட்டாக வழிந்து தரையில் நின்றது. கேப்டனின் சட்டைக் கையிலும் ஒரு சொட்டு இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை, மற்ற எல்லாரும் கவனித்தார்கள்.

"போசன், இதை நீங்க அடிச்சீங்களா?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

மாப்பிள்ளை வழிந்து நின்ற பெயிண்டைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கேப்டன் அவரை ஆயுசுக்கும் கப்பலில் வைத்துக்கொண்டிருப்பார்.

"நான் அடிச்சா இப்படி வழியாதுங்க மேடம்."

அம்மா கைப்பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். சுத்தியல் தலை உள்ளே போய்த் துணியில் மாட்டிக்கொண்டது. அதை வெளியே இழுக்கக் கேப்டன்தான் உதவி செய்தார். கப்பல் நிறுத்தி வைக்கப்பட்டது.

அன்று மாலையே கேப்டன் அவரைக் கூப்பிட்டார். "பெயிண்டால நின்னா போயிடணும்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். ஆனா நின்னது உங்க பெயிண்டால."

கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை என்று எழுதி ஆளை இறக்கிவிட்டார்கள். அந்த உத்தரவு என் மேஜை வழியாகத்தான் போனது. தேதி போட்டு, முறைப்படி சேர்த்துவைத்தேன். கேப்டனுக்குக் கம்பெனி ஒரு கண்டிப்புக் கடிதம் கொடுத்தது. சட்டையைச் சலவைக்குக் கொடுத்ததோடு அவர் விஷயம் முடிந்தது.

மாப்பிள்ளை வீட்டில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் கடைக்குப் போய் இரண்டு டப்பா வாங்கிவந்தார். முதல் வாரம் மீதி ஜன்னல்கள் போயின. இரண்டாவது வாரம் தபால் பெட்டி வாயை மூடிக்கொண்டது. என் தங்கை தினமும் எனக்குப் போன் செய்து, கம்பெனியில் வேறு கப்பல் இருக்கிறதா, படகாவது இருக்கிறதா என்று கேட்டாள்.

புதுக் கை வந்து பொருத்தி, படகை இறக்கி ஏற்றிக் காட்டி, அதிகாரி அம்மா தலையசைத்த அன்று பயணிகள் பெட்டி படுக்கையோடு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போதுதான் அம்மா, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு சான்றிதழைப் பார்த்தார். இந்தக் கப்பல் புறப்பட இன்னின்ன தகுதியோடு இத்தனை ஆட்களாவது இருக்க வேண்டும் என்று சொல்லும் காகிதம் அது. அதுவும் உலக விதிதான். ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒரு தலை குறைந்தது.

கேப்டன், மறு கரைக்குப் போனதும் ஒரு ஆளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"மறு கரைக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டார் அம்மா.

கம்பெனி மேனேஜர் என் அறைக்கு ஓடிவந்தார். உரிய சான்றிதழோடு ஒரு மணி நேரத்தில் கப்பலேறக்கூடிய ஆள் யார் இருக்கிறார்கள் என்றார். ஒருவர்தான் இருக்கிறார் என்றேன். யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் போனபோது மாப்பிள்ளை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைக்காமல் யோசித்தார். மன்னிப்பு வேண்டாம், உத்தரவைக் கிழிக்கவும் வேண்டாம், பெயிண்ட் அறைச் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும், கேப்டன் பிரஷ்ஷைத் தொடக் கூடாது என்றார். மேனேஜர் போனிலேயே ஒப்புக்கொண்டார். நாங்கள் படியிறங்கி வருவதற்குள் என் தங்கை அவர் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். செருப்பைக்கூட வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாள்.

அவரைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பியபோது அவள் வாசலிலேயே நின்றாள்.

"கப்பலக் கட்டியிருந்த கயிறு அவுத்தாச்சா அண்ணே?"

"அவுத்தாச்சு."

"முன்னாடி, பின்னாடி ரெண்டுமா? நீ கண்ணால பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அப்புறம்தான் உள்ளே போய் உட்கார்ந்தாள்.