ரூபாய்க்கு எத்தனை மைல்

"...அதனாலதான் சொல்றேன், எட போட்டுப் பாக்காதீங்க தொரை. ஒரு ரூபாத் தோலு எத்தினி மைலு நடக்குதுன்னு பாருங்க. ஒரே ஆளு, காலுக்கு ஒரு தோலா மாட்டிக்கினு நடக்கட்டும். சிப்பாயிக்கு வேண்டியது நடக்கிற தோலு, தராசுல குந்திக்கிற தோலு இல்ல."

சொன்னவன் எங்கள் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் என்னோடு தோல் தரம் பிரித்த பேரணாம்பட்டுப் பாய். ஜெர்மன் சண்டை நடந்த காலம். பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் பார்க்க வந்திருந்த துரைக்குத் தமிழ் நன்றாக வரும். சிரித்துக்கொண்டே அந்தப் பேச்சைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பாய் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன். நான் பேசி எந்தத் துரை எழுதினார்?

அவரவர் பிரித்த தோலில் தைத்த பூட்ஸ், ஆளுக்கு ஒரு ஜோடி, மேஜைமேல் இருந்தது. எவன் ஜோடி ஜெயிக்கிறதோ அவன்தான் இனித் தலைமை என்று முதலாளி சொல்லிவிட்டார்.

என் தோல்தான் கனம். விலை எடைக்குத்தானே? அதனால் பேதி உப்பு ஏற்றிப் பதனிடுவது அப்போது சில ஷாப்புகளில் வழக்கம். நனைந்தால் உப்பு இறங்கித் தோல் துவண்டுவிடும். தெரிந்தும், கனம்தான் தரம் என்று என் கையும் மனசும் பழகிப்போயின.

அன்று காலையே என் தோலின் வெட்டு ஓரத்தை பாய் நக்கிப் பார்த்தான். "அண்ணே, இன்னொருதரம் நக்கினா ஏரிக்கரைக்கு ஓடணும் போலக்கீது" என்று கண்ணடித்தான். துரையிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேனே!

"பாலாற்று ஈரத்திலும் நடக்க வேண்டும். யார் நடப்பது?" என்றார் துரை.

"நானே நடக்கிறேன்" என்றேன் முந்திக்கொண்டு.

சிறு வயதில் வண்டிச் சக்கரம் ஏறிய இடது காலை நான் லேசாகத்தான் ஊன்றுவேன். பாரமெல்லாம் வலது காலில். என் தோல் இடது காலில் இருந்தால் தப்பும் என்பது என் கணக்கு. இந்தக் கால் விஷயம் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். துரைக்குத் தெரியாது. பாய் வாயைத் திறக்கப்போகிறான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் என் முன்னால் குந்தினான். என் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, என் பூட்ஸை மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினான். பிறகு வலது காலில் தன்னுடையதை மாட்டினான்.