மூன்றடுக்குக் கூரை

என் மகளைக் கூரையைப் பிரித்து வெளியே எடுத்தோம்.

சென்ற வாரம் வெள்ளிக்கிழமை நடந்தது. இன்னும் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்துச் சொல்ல வேண்டும்போல ஒரு பரபரப்பு. பால்காரரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டேன். இப்போது உங்களிடம்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே பிடிபடும்.

எங்கள் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஆசீர்வாதம் டைலர் கடை இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஏழெட்டுப் பேர் பாய் விரித்து உட்காருவார்கள். வேதத்தில் ஒரு பகுதி படிப்பார்கள். அதைப் பற்றிப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், ஜெபம் பண்ணிவிட்டுக் கலைவார்கள். போதகர் கிடையாது. காணிக்கைத் தட்டு கிடையாது. கூட்டத்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

ஒரே ஒரு வழக்கத்தில் மட்டும் கறார். படித்ததை அடுத்த புதனுக்குள் யாருக்காவது செய்துவிட வேண்டும். செய்யாமல் வந்தால்? அன்றைக்கு எல்லோருக்கும் சுக்குக் காபி அவர் செலவு.

என் மகள் கிருபா அதில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்குக்குக் காத்திருக்கிறாள். அவள் அப்பாவுக்கு வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஆகவே எங்கள் வீட்டில் கவலைப்படுகிற இலாகா முழுக்க என்னுடையது.

போன மாதத்தில் ஒரு புதன்கிழமை. நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் நுழைய முடியாத கூட்டம். மேலே ஏறிக் கூரையைப் பிரித்து இயேசுவின் முன்னால் இறக்குகிறார்கள். அந்தப் பகுதியைத்தான் படித்தார்கள்.

சைக்கிள் கடை ஏழுமலை கேட்டார். இவர் கிறிஸ்தவர் இல்லை. 'கத கேக்க வர்றேன்' என்பார். ஒரு புதன்கூடத் தவறியதில்லை.

"அது சரி டைலரே. அந்த வூட்டுக்காரன் இன்னா ஆனான்?"

"எந்த வூட்டுக்காரன்?"

"கூரையப் பிச்சாங்களே, அந்த வூட்டுக்காரன். அப்பால யார் வந்து மேஞ்சி குட்த்தாங்க?"

"அது எழுதல ஏழுமல."

"எழுதலன்னா வுட்டுடறதா? மழ வந்தா அவன் பொண்டாட்டி புள்ளைங்க எங்க போவும்?"

கிருபாதான் சொன்னாளாம்: "அப்ப அந்தக் கூரைய நாம மேஞ்சிடலாம்."

பெருநகர் கிராமத்துக்குப் போகிற பாதையில், காலனியின் கடைசி வீடு தாயம்மாவுடையது. நடவுக்குப் போன இடத்தில் வரப்பில் சறுக்கிக் கால் முறிந்தவள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் படுக்கையில் கிடந்தாள். புருஷன் செங்கல் சூளைக்குப் போயிருந்தான். அவள் வீட்டுக் கூரையில் பகலில் சூரியன் தெரியும், இரவில் நட்சத்திரம் தெரியும்.

சனிக்கிழமை கிளம்பிவிட்டார்கள். நானும் போனேன். உதவிக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெண் ஏணியில் ஏறுகிறாளா என்று பார்க்க.

ஏறித்தான் இருந்தாள்.

ஏழுமலை பனை ஓலை கொண்டுவந்தார். போதுமானதாகவே இருந்தது. ஆனால் டைலர் தென்னங்கீற்று வாங்கி வந்துவிட்டாரே. அன்போடு கொண்டுவந்ததை வேண்டாம் என்பதா? அதையும் போட்டார்கள். பிறகு ஒரு வண்டி வைக்கோல் வந்தது. 'யார் கொடுத்ததையும் திருப்பக் கூடாது' என்றார் டைலர். வைக்கோலும் ஏறியது. மழைக்குப் பிய்ந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு முடிச்சு. கட்டியவள் கிருபா.

மரத்தடியில் கட்டிலில் படுத்திருந்த தாயம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏம்பா, நான் வூடு கேட்டேனா, வைக்கப்போரு கேட்டேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெருவிலேயே அழகான கூரை என்று எனக்குப் பெருமை வேறு.

யாராவது அந்த மண் சுவரைப் பார்த்தோமா? இல்லை.

அடுத்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை நான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். தாயம்மாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க மத்தியானம் கிளம்பினாள் கிருபா. குடை எடுத்துக்கொள், தலை நனைந்தால் ஜலதோஷம் பிடிக்கும் என்றேன். ஒரு தாயின் கற்பனைக்கு எட்டுகிற ஆபத்து அவ்வளவுதான் பாருங்கள்...

சற்று நேரத்தில் வாசலில் ஏழுமலை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். சைக்கிளிலிருந்து இறங்கவே இல்லை.

"டீச்சரம்மா, அப்டியே வாங்க. செருப்பு வாணாம்."

"என்ன ஏழுமலை?"

"செவுரு உக்காந்துக்கிச்சி. பாப்பா உள்ள கீது. பேசுது, டீச்சரம்மா. நல்லா பேசிக்கினுதான் கீது."

சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து கடைத்தெரு வழியாகப் போனேன். நான்தான். என்னிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு ஒருவர் முகமும் தெரியவில்லை.

போய்ப் பார்த்தால், வாசல் பக்கத்துச் சுவர் மொத்தமாகக் கரைந்து சரிந்திருந்தது. மழைத் தண்ணீரைக் குடித்து ஊறிய வைக்கோல், கீற்று, ஓலை... அத்தனை பாரமும் முன்பக்கம் இறங்கி, அடைகாக்கிற கோழி மாதிரி கூரை தரையில் உட்கார்ந்திருந்தது. பின்சுவர் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர்.

வாசல் பக்கம் மண்ணை வாரினார்கள். ஒரு கூடை வாரினால் கூரை ஒரு முனகல் முனகிக்கொண்டு இன்னும் கீழே வந்தது.

உள்ளேயிருந்து குரல். "அங்க தோண்டாதீங்க. எறங்குது. மேல பிரிங்க."

என் மகள் குரல்.

"கிருபா..."

"அம்மாவா? அழாதம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. தாயம்மாக்கா பக்கத்துலதான் மூங்கில் விழுந்துது. சீக்கிரம் பிரிக்கச் சொல்லு."

மேலே ஏறினால் பாரம் கூடும். எப்படிப் பிரிப்பது? அப்போது எதிர் வயலிலிருந்து வரதப்பர் மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். நிலக்காரர். தாயம்மா சறுக்கி விழுந்தது அவருடைய வரப்பில்தான். அந்தத் தெருவுக்குள் அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. அவரே பின்பக்கம் வண்டியை ஒட்டி நிறுத்தினார். வண்டிமேல் நின்று பிரிக்க ஆரம்பித்தார்கள்.

பிரியவில்லை. இரண்டு முடிச்சல்லவா? மழையில் ஊறி இறுகிக் கிடந்தது.

டைலர் ஓடிவந்தார், கையில் கத்தரிக்கோல். பெண்டாட்டி அதில் ஒரு தடவை சணல் வெட்டினாள் என்று ஒரு வாரம் பேசாமலிருந்த மனிதர். ஓலை, கயிறு, நார் என்று பார்க்காமல் வெட்டினார். நான் வைக்கோலைப் பிடுங்கி எறிந்தேன். எப்போது வண்டியில் ஏறினேன் என்று ஞாபகமில்லை.

ஓட்டை விழுந்தது. அதில் மண் அப்பிய ஒரு முகம்.

"கையக் குடு," என்றேன்.

"மொதல்ல அக்கா."

"நீ வா முதல்ல."

"நான் மேல வந்துட்டா அவங்களக் கீழேருந்து யாரும்மா தூக்கிக் குடுப்பா?"

இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு, நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். பின்சுவரில் விரிசல் ஓடுவது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும்.

வரதப்பர் நெல் மூடுகிற படுதாவை உள்ளே இறக்கினார். கிருபா தாயம்மாவை அதில் புரட்டிப் படுக்க வைத்தாள். ஒரு மூலையை ஏழுமலை பிடித்தார், ஒன்றை டைலர், ஒன்றை வரதப்பர். நாலாவதை நான் பிடித்தேன்.

"மெல்ல தூக்குங்க. நான் நெல்லு மூட்ட இல்ல," என்றது படுதா. பிறகு தலை வெளியே வந்தது. "ஐயா, நீங்களா?"

"பேசாம வா, தாயம்மா," என்றார் வரதப்பர். அவருக்கு மூச்சு வாங்கியது.

அவளை வண்டியில் கிடத்தினோம். அந்த நேரத்தில் கூரை மறுபடி முனகியது. ஓட்டையில் இருந்த முகம் காணாமல் போயிற்று.

எனக்குச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்ததாம். ஏழுமலை பிற்பாடு சொன்னார்.

ஒரு கை மேலே வந்தது. டைலர் குப்புற விழுந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தார். அவர் இடுப்பை ஏழுமலை பிடித்தார். இழுத்தார்கள். அவள் கால் வெளியே வந்து, நாங்கள் வண்டியை நகர்த்தியதுதான் தாமதம், பின்சுவரும் படுத்துவிட்டது.

"கஞ்சி அடுப்புல இருக்கு," என்றாள் என் மகள். முதல் வார்த்தை அதுதான்.

அவளை ஓர் அறை அறைந்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். வரிசை அப்படித்தான் வந்தது.

இரண்டு பேருக்கும் சிராய்ப்பு மட்டும். தாயம்மாவின் கால் கட்டுகூட அவிழவில்லை. இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறாள். என் சாம்பாரில் புளி போதவில்லை என்கிறாள்.

இந்தப் புதன்கிழமை நானும் டைலர் கடைக்குப் போனேன். பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். 'என் பெண் இனிமேல் வரமாட்டாள்' என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். ஜெபம் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு.

அன்றைக்கு யாரும் எதையும் படிக்கவில்லை.

"நாமதான் கவுத்தோம்," என்றார் டைலர். மெஷினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கூரையப் பத்திதானே டைலரே படிச்சோம்," என்றார் ஏழுமலை. "செவுத்தப் பத்தி ஒருத்தரும் படிக்கல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எல்லோரும் இருந்தபோது கிருபா சொன்னாள்: "தாயம்மாக்காகிட்ட கேட்டுட்டேன். ஒத்த அடுக்கு ஓல போதுமாம். செவுருதான் நல்லா வேணுமாம். மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னாங்க."

நாம் எல்லோரும் இப்படித்தான், இல்லையா? கொடுப்பதென்றால் வண்டி வண்டியாகக் கொடுக்கிறோம். 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்க மட்டும் வாய் வருவதில்லை. கேட்டால், நாம் கையில் வைத்திருப்பதை அவர்கள் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்கிற பயம்தான் காரணமோ என்னவோ...

சரி, என் வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமே. எழுந்தேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் கிருபா, "சனிக்கிழமை மண்ணு மிதிக்க ஒரு ஆளு கொறையுது."

சுவர் இடுப்பளவு எழும்பியிருக்கிறது. இந்தப் பத்திரிகைப் பத்தியின் கையெழுத்துப் பிரதியில் அங்கங்கே மண் ஒட்டியிருந்தால், அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.