ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்திருந்தவன்

பேய், பிசாசு, முனி என்று யாராவது கடையில் நின்று பேச்செடுத்தால், "ஆணி எத்தனை கிலோ வேணும்?" என்று கேட்டுப் பேச்சை அறுத்துவிடுகிற ஆள் நான். சங்கரன்கோவிலில் எனக்கு இரும்புக்கடை. சாமி விஷயத்திலும் அப்படித்தான், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே தெருவில் நெருக்கியடித்து நிற்கும்போது கடையைத் திறந்து வைத்துப் பூட்டும் சங்கிலியும் விற்றவன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, பயந்த சுபாவக்காரன் எதையோ பார்த்து மிரண்டுவிட்டான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள், நான் கண்டது கண்டதுதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மகள் ஆவுடைக்கு நாலரை வயது. அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மா, அப்பா, ஊஹூம். காது நன்றாகக் கேட்கும், கூப்பிட்டால் ஓடி வருவாள், சொன்னதைச் செய்வாள், அழும்போதுகூடச் சத்தம் வராது, கண்ணீர் மட்டும் கொட்டும். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். என் மனைவி கோமதி, நம் கோயில் புற்றுமண்ணைத் தினமும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள், வெள்ளியில் நாக்கு செய்து உண்டியலில் போட்டாள். அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், ஊமைப் பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். வெளியே நான் எவ்வளவு வீறாப்பாகத் திரிந்தாலும், கடையடைத்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான், இவள் என்னை ஒரு தடவை அப்பா என்று கூப்பிட மாட்டாளா என்று.

பக்கத்து ஜவுளிக்கடை ஜெபமணி அண்ணாச்சி வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவர்தான் கோமதியிடம் சொல்லியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பெயரை எழுதிக் கொடுத்தால் சபையார் எல்லாரும் சேர்ந்து ஜெபிப்பார்கள் என்று. நான் குதித்தேன். கோமதி மசியவில்லை.

"உங்கள மதம் மாறச் சொல்லுதேனா? ஒருநா வந்து உக்காந்துட்டுப் போனா உங்க கிரீடம் ஒண்ணும் கீழ விழுந்துராது. பிள்ளைக்காக வாங்க."

பிள்ளைக்காக என்ற பிறகு நான் என்ன சொல்ல முடியும். போனேன்.

அவ்வளவு பெரிய சர்ச்சுக்குள் அதற்குமுன் நான் நுழைந்ததில்லை. பகல் பத்து மணி, ஜன்னல் வழியாக நல்ல வெயில், அறுநூறு எழுநூறு பேர் இருப்பார்கள். கற்பூர வாசம் இல்லை, மணி இல்லை, பவுடர் வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும்தான். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், நடுவில் அகலமான பாதை. நான் பாதையோரம் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோமதி எதிர்ப்பக்கம், எனக்கு இரண்டு வரிசை முன்னால், அவளும் பாதையோரந்தான், மடியில் ஆவுடை. பாட்டுப் பாடினார்கள், எல்லாரும் எழுந்தால் நானும் எழுந்தேன், உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். பாதிரியாரை அவர்கள் ஐயர் என்கிறார்கள், அது வேறு எனக்குச் சிரிப்பு.

ஐயர் ஜெபிப்போம் என்றதும் அத்தனை பேரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார்கள். எனக்கு அது தெரியாது. நம் கோயிலில் தீபாராதனை நேரத்தில்தானே கண்ணை அகலத் திறந்து எட்டி எட்டிப் பார்ப்போம்? நானும் முழங்கால் போட்டேன், கண்ணை மட்டும் மூடவில்லை.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். நடுப்பாதையில் ஒரு பெண் நடந்து வந்துகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாது. சாதாரண நீலக் கட்டம் போட்ட நூல்சேலை. மற்ற பெண்கள் எல்லாரும் முந்தானையால் தலையை மூடியிருக்க, இவள் மட்டும் மூடவில்லை. அதனால்தான் காது தெரிந்தது. வளர்த்த காது, பாம்படம் போட்ட காது மாதிரி தோளைத் தொட்டுக்கொண்டு, ஆனால் நகையில்லாமல் வெறுமனே தொங்கியது. ஒவ்வொருத்தர் முன்னாலும் குனிந்து முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்த்தாள், அடுத்தவரிடம் போனாள். யாரையோ தேடுகிறாள் என்று நினைத்தேன். சர்ச் வேலைக்காரியாக இருக்கும், இப்படியும் ஒரு வழக்கம் போலிருக்கிறது என்று சும்மா இருந்துவிட்டேன். ஆமென் என்று எல்லாரும் எழுந்தபோது அவள் எந்தப் பக்கம் போனாள் என்று கவனிக்கவில்லை.

"அந்தப் பொம்பள யாரு அண்ணாச்சி? எல்லாரு மூஞ்சியையும் பாத்துட்டுப் போனாளே."

"எந்தப் பொம்பளவே? ஜெபம் பண்ணையில கண்ண மூடணும்வே" என்று காதோடு அதட்டினார்.

பிரசங்கம் முடிந்து மறுபடி ஜெபம். நோயாளிகளுக்கான ஜெபம், ஐயர் சீட்டுகளைப் பார்த்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். இந்தத் தடவை நான் வேண்டுமென்றேதான் கண்ணை மூடவில்லை. இருந்தாள். பின்வாசல் பக்கமிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு நாலு வரிசை பின்னால் அவள் வந்திருக்கும்போது ஐயர், "வாய் பேசாத குழந்தை ஆவுடை" என்று வாசித்தார்.

தன்னைக் கூப்பிட்டது போல அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு வேறு யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேரே நடந்தாள், என்னை உரசுகிற மாதிரி தாண்டிப் போனாள், சேலை அசைகிறது, சத்தம் இல்லை. கோமதி முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். கோமதி கண்ணை இறுக மூடி அழுதுகொண்டிருந்தாள். ஆவுடை கண் திறந்திருந்தது. அந்தப் பெண் என் பிள்ளையின் காதில் வாயை வைத்துப் பேசினாள். ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை இல்லை, நம்புங்கள், ஐயர் ஏழெட்டுப் பெயர் வாசித்து முடிக்கிறவரை பேசினாள். ஆவுடை கேட்டுக்கொண்டே இருந்தாள், இரண்டு தடவை தலையை ஆட்டினாள்.

எழுந்து ஓட நினைத்தேன். போட்ட முழங்கால் போட்டபடியே இருந்தது. கத்த நினைத்தேன், அந்த நிமிஷம் நான்தான் ஊமை.

பிறகு ஆவுடை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த திசையை அந்தப் பெண்ணும் பார்த்தாள். ஆவுடையும் சீட்டைக் குனிந்து வாசிக்கிற ஐயரும் போக, கண் திறந்திருந்த ஒரே ஆள் நான். கோபமும் இல்லை சிரிப்பும் இல்லை, இவனும் இருக்கிறானா என்கிற மாதிரி ஒரு பார்வை. எழுந்து என்னை நோக்கி வந்தாள்.

"அப்பா, கண்ண மூடு!"

சர்ச் முழுக்கக் கேட்டது. அதற்குமுன் நான் கேட்டே இராத குரல், ஆனால் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூடினேன். மூடின கண்ணுக்கு அந்தப் பக்கம், வலது காதோரம், யாரோ வந்து குனிந்தது தெரிந்தது. முதல் மழையில் கரிசல் மண் நனைந்தால் ஒரு வாசம் வருமே, அந்த வாசம். பேசப்போகிறவர்கள் இழுப்பது போல மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எழுநூறு பேர் ஆமென் என்றார்கள். கண்ணைத் திறந்தேன், பக்கத்தில் யாருமில்லை.

எதிர்ப்பக்கம் ஒரே அமளி. கோமதி பிள்ளையைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள், பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள், ஐயரே இறங்கி வந்துவிட்டார். ஆவுடை, "அம்மா, விடு, வலிக்கி" என்றாள். அண்ணாச்சி என் தோளைப் பிடித்து அழுதார். அற்புதம் அற்புதம் என்றார்கள். தகப்பன் கண்ணை மூடாததைப் பிள்ளை கண்டித்துவிட்டது என்று ஐயர் சொல்ல, எல்லாரும் கண்ணீரோடு சிரித்தார்கள். நாலரை வருஷம் ஏங்கியது நடந்துவிட்டது, துள்ளிக் குதிக்க வேண்டியவன் நான். நானோ நடுப்பாதையின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் மட்டும் சொன்னேன். முதலில் சிரித்தார். காதைப் பற்றிச் சொன்னதும், "அந்த வயசுல காது வளத்தவ இப்ப யாருவே இருக்கா?" என்றவர் துணியை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் ஆவுடை தட்டில் தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த அக்கா உங்கிட்ட என்னட்டி சொன்னா?"

"எனக்குள்ளதச் சொன்னா. நீ கண்ண மூடிட்டேல்லா, அதான் உனக்குள்ளதயும் எங்கிட்டயே சொல்லிட்டா."

"எனக்குச் சொல்ல வேண்டியதா? அது என்ன?"

"இப்பச் சொல்லக்கூடாதாம். அன்னைக்குத்தான் சொல்லணுமாம்."

"என்னைக்கு மக்கா?"

தயிர்ச்சோற்றை வழித்து வாயில் போட்டுக்கொண்டு கையைக் கழுவப் போய்விட்டாள். பிறகு எத்தனையோ தடவை கேட்டாயிற்று. பத்து வயதில் கேட்டபோது, எந்த அக்கா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். சர்ச்சுக்குப் போனதே ஞாபகம் இல்லை என்றாள்.

இன்று ஆவுடை புளியங்குடியில் பள்ளிக்கூட டீச்சர். நாள் முழுக்கப் பேசுவதுதான் வேலை. ஞாயிறு தவறாமல் போன் போடுவாள். "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாள், அது அவள் பேச்சு வழக்கம், பின்னாலேயே பிரஷர் மாத்திரை போட்டாச்சா, எலுமிச்சங்காய் கொடுத்துவிடட்டுமா என்று வந்துவிடும். இந்தக் குரலைக் கேட்க மாட்டோமா என்று ஒரு காலத்தில் உருகினவன் நான். இப்போது அந்த ஒண்ணு சொல்லணும் என்பதற்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் எனக்குள்ள அந்தச் சேதி இன்றைக்குத்தானோ என்று இருக்கிறது. அந்த இடைவெளியில் என்னை அறியாமல் கண்ணை மூடிக்கொள்வேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, கோமதியிடம்கூட.

போன ஞாயிறும் போன் வந்தது. "அப்பா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாத்திரையும் வரவில்லை, எலுமிச்சங்காயும் வரவில்லை.

"கண்ண மூடிட்டியாப்பா?" என்று கேட்டாள்.