ஸ்கேனரோடு பேசாத கார்

திங்கட்கிழமை காலை, பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் காரைக் கிளப்பியபோது, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று மீட்டரில் எரிந்தது. எரிந்தது, அணையவில்லை. வண்டி கொஞ்சம் முக்கி முனகினாலும் ஓடியது. வேறு எந்த வாரமாக இருந்தாலும் அந்த விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் சனிக்கிழமை விடிகாலை நானும் மனைவியும் வேளாங்கண்ணிக்குக் கிளம்புவதாக இருந்தோம்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்கு வயிற்றில் ஒரு பெரிய ஆபரேஷன் நடந்தது. பிழைத்து எழுந்தால் மாதா கோயிலுக்கு வருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். நான் கோலார் தங்கவயலில் பௌத்தக் குடும்பத்தில் பிறந்தவன். வேண்டுதல் என்பது பயந்தவன் கொடுக்கும் லஞ்சம் என்று சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்தார். கத்தோலிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்து இருபத்தெட்டு வருஷம் ஆகியும் அந்தப் பாடத்தை நான் விடவில்லை, அவளுக்கு எடுத்துச் சொல்லாமலும் இருந்ததில்லை. இருந்தாலும் இந்தமுறை நானே கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

வண்டி சரியாகாவிட்டால் மாற்று ஏற்பாடும் தயாராக இருந்தது. அதுதான் எனக்குத் திகிலே. அவள் தம்பி தன் புதுக் காரில் அழைத்துப் போகிறேன் என்று தினமும் போன் செய்தான். "மாமா, உங்க டப்பாவ மல்லேஸ்வரம் வரைக்கும் ஓட்டுங்க, போதும். லாங் போறதுக்கு என் வண்டி இருக்குல்ல?" என்றான். ஒன்பது மணி நேரம் பின்சீட்டில் உட்கார்ந்து, அவன் கார் தானாக எப்படி பிரேக் போடும் என்று கேட்டுக்கொண்டே வருவதைவிட நடந்தே போய்விடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் விளக்கு அணைந்தால் எங்கள் வண்டி, இல்லையென்றால் தம்பி வண்டி என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நான் பி.யூ. காலேஜில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். மின்சாரம்தான் எனக்குப் பிடித்த பாடம். ஒரு விளக்குக்காக மெக்கானிக்கிடம் போவதா என்று, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனரை ஆன்லைனில் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால் சிவப்பு விளக்கு எரியும், பிறகு கார் தன் கோளாறை நம் போனில் சொல்லிவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. செருகினேன். விளக்கு எரியவில்லை. கார் வாயைத் திறக்கவில்லை.

மட்டமான சரக்கு என்று திட்டிவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஊமை. கீழ்வீட்டுக்காரரின் காரில் செருகிப் பார்த்தேன். இரண்டும் பளிச்சென்று எரிந்தன. "உங்க வண்டிக்கு உங்ககிட்ட பேச இஷ்டமில்ல போலிருக்கு" என்றார் அவர். அவருக்கு அது ஜோக்.

புதன்கிழமை காலேஜுக்கு லீவு போட்டேன். சாக்கெட்டின் ஊசிகளில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று முடிவு செய்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். அதற்காகத் தலையைப் பிரேக் மிதிக்குப் பக்கத்தில் வைத்து, முதுகைச் சீட்டில் போட்டு, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி ஒரு மணி நேரம் கிடந்தேன். தெருவில் போன இரண்டு பேர் ஓடிவந்து என்னை வெளியே இழுக்கப் பார்த்தார்கள். மனைவி ஸ்பிரிட் வாசனையை மோந்துவிட்டு, "ஊசி போடப் போறீங்களா அதுக்கு?" என்று கேட்டாள். கழுத்து பிடித்துக்கொண்டதால் என்னால் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

வியாழக்கிழமை, கௌரவத்தை விட்டு ஒரு பெரிய காரேஜுக்குப் போனேன். அங்கே ஒருவர் டேப்லெட்டோடு வந்து, அதன் வயரை அதே சாக்கெட்டில் செருகினார். தொடர்பு இல்லை என்று காட்டியது. மூன்று தடவை செருகிவிட்டு, "இசிஎம் ஹோகிதே சார்" என்றார். வண்டியின் மூளை செத்துவிட்டதாம், புதுசு மாட்ட வேண்டுமாம், வருவதற்கு இரண்டு வாரம் ஆகுமாம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு இருந்ததைவிடக் கொஞ்சம்தான் கம்மியான துக்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். அந்த மூளை செத்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அல்சூரில் ஒரு சந்தில் கார் எலெக்ட்ரிகல் வேலை பார்க்கும் பாய் ஒருவரிடம் கடைசி முயற்சியாகப் போனோம். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் மனைவியும் வந்தாள். நான் ஸ்கேனர், ஊசிகள், செத்த மூளை எல்லாவற்றையும் விலாவாரியாக விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"மூளை செத்துட்டா வண்டி எப்டி சார் இங்க வரிக்கும் வந்துச்சி?" என்றார்.

என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"சிகரெட் லைட்டர் வேல செய்தா?" என்று அடுத்த கேள்வி.

"அத நாங்க தொடறதே இல்ல பாய். அந்தக் குமிழே எங்கயோ தொலஞ்சிபோச்சு. வெறும் ஓட்டதான் இருக்கு."

"அதுக்கில்ல சார். லைட்டருக்கும் உங்க ஸ்கேனர் சாக்கெட்டுக்கும் ஒரே ஃபியூஸு. அது போனா இது பேசாது. அவ்ளோதான்."

ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கம்பி அறுந்து கருகியிருந்தது. மின்சாரம் வருகிறதா என்று முதலில் பார், பிறகு மற்றதைப் பார் என்று ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். நான்கு நாளாக எனக்கு அது தோன்றவில்லை. பாய் புது ஃபியூஸைப் போட்டார். படக்கென்று அதுவும் போனது.

"உள்ள ஏதோ ஷார்ட் அடிக்குது" என்று, லைட்டர் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நீள மூக்குக் குறடு ஒன்றை விட்டு, ஓரம் கருகிய ஒரு ரூபாய்க் காசை வெளியே எடுத்தார்.

"இன்னா சார், உண்டியலா வெச்சிருக்கீங்க?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. என் மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற வழியில் சாலையோரம் மாதா சிலை வைத்த கெபியைக் கடக்கும்போது இறங்க நேரமில்லை என்றால், ஒரு காசைக் காருக்குள்ளேயே எடுத்து வைப்பாள். அதை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவாள். கேலி செய்து எனக்கு அலுத்துப்போன விஷயம் அது.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன்? இந்த மூடநம்பிக்கையால வண்டியே ஊமையாயிடுச்சு பாரு! பன்னெண்டு வோல்ட்டுல போயி காணிக்க போட்டிருக்க!" என்று சந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவள் கியருக்கு முன்னால் இருக்கும் சின்ன ஆஷ்ட்ரேயை இழுத்துத் திறந்தாள். காசுகள் ஒழுங்காக அதில் கிடந்தன. "நான் போடறதெல்லாம் இதுலதான். அது யாரு போட்டது?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

ஆபரேஷன் நடந்த நாள் காலை, கையெழுத்துப் போட உடனே வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். கெபிக்கு எதிரே சிக்னல் விழுந்தது. சட்டைப்பையில் ஒரு காசு இருந்தது. அவள் எங்கே வைப்பாள் என்று இத்தனை வருஷமாகக் கவனித்ததில்லை, கேலி செய்யத்தான் நேரமிருந்தது. கண்ணில் பட்ட ஓட்டைக்குள் போட்டுவிட்டேன். அப்பா பார்த்துவிடுவாரோ என்பதுபோல் பின்கண்ணாடியைக்கூட ஒருமுறை பார்த்தேன். சிக்னல் பச்சையானதும் அதை மறந்தேபோனேன்.

"நான்தான்" என்றேன். "உன்ன உள்ள கூட்டிட்டுப் போன அன்னைக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பாய் புது ஃபியூஸ் எடுக்கும் சாக்கில் கடைக்குள் போய்விட்டார். அவள் கருகிய காசை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பெட்டிக்குப் போய்ச் சேரவே இல்லையே இது" என்றாள். "ஆனாலும் நான் வந்துட்டேனே."

இருபத்தெட்டு வருஷ வாக்குவாதத்தில் இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை. காணிக்கை சேராமலேயே குணமாகிவிட்டது, ஆகவே என் கட்சிதான் சரி என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அன்று சிக்னலில் எனக்கு இருந்த பயம் திரும்ப வந்திருந்தது.

பாய் ஃபியூஸைப் போட்டார். என் ஸ்கேனரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கார் ஒருவழியாகப் பேசியது: காற்று உள்ளே போகும் வழியில் ஒரு சென்சாரின் இணைப்பு விட்டுப்போயிருந்ததாம். பாய் பானெட்டைத் திறந்து அந்தக் கனெக்டரைக் கட்டைவிரலால் அழுத்தினார். டிக் என்று உட்கார்ந்தது. "ஏர் ஃபில்டர யாரு சார் கழட்டினது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, தூரப் பயணத்துக்கு வண்டி நன்றாக இருக்கட்டும் என்று அதைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தவன் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மஞ்சள் விளக்கு அணைந்தது.

திரும்பி வரும்போது தம்பியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீ வரவேணாம்டா. எங்க வண்டியிலயே போறோம்."

"மாமா டப்பா சரியாயிடுச்சா? என்னதான் கம்ப்ளெய்ண்டு அதுல?"

இனி என் கதை குடும்பம் முழுக்கச் சிரிக்கும் கதையாகப் போகிறது, கிறிஸ்துமஸ் விருந்தில் கேக்கோடு பரிமாறப்போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கருகிய காசு அவள் கைக்குள்ளேயே இருந்தது.

"ஒண்ணுமில்லடா, ஃபியூஸ் போயிருந்துச்சு" என்றாள். "என்மேல இருந்த கவலைல ஒரு மனுஷன் கவனிக்காம விட்டுட்டாரு. அதுக்கு மேல உனக்கெதுக்கு?"