மன்னித்துவிட்டாளாம் காஜாக்கா

சட்டையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவள் என்பதால் தெருவே அவளைக் காஜாக்கா என்றுதான் கூப்பிடும். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். குழாயடியில் யாராவது வரிசை தாண்டிக் குடத்தை வைத்தால் போதும், அவள் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்டவளைத்தான் கோபமே அறியாதவள் என்று புத்தகத்தில் எழுதிவிட்டார் ஒரு வெளிநாட்டு எழுத்தாளர். எங்கே போய் முட்டிக்கொள்வது!

அவள் தங்கை வேலை பார்த்த தையல் கம்பெனி தீப்பிடித்து எரிந்தது. துணி திருடு போகிறது என்று முதலாளி மாடிக் கதவை வெளியே பூட்டி வைத்திருந்தான், படுபாவி. தங்கையின் உடல் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கிடந்தது.

இந்த நாட்டின் சரித்திரத்தையும் பண்பாட்டையும் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு, பேச்சை மொழிபெயர்க்க ஓர் ஆளோடு, தீயில் தங்கையைப் பறிகொடுத்தவளைப் பார்க்க அந்த எழுத்தாளர் வந்தார். வீடு தேடி வந்தவர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டா உட்காருவாள்? நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ கொடுத்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லி, சிரித்த முகமாகவே வழியனுப்பினாள். அவர் தெருமுனை திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். அதைப் பார்க்க அவர் இல்லை. ஒரு கிளாஸ் டீ குடித்து முடிப்பதற்குள் நாட்டையே புரிந்துகொண்டுவிட்டாராம், மகாராசன்!

தீ விபத்தா, முதலாளியின் குற்றமா என்று விசாரணை நடந்தது. அங்கே கம்பெனி வக்கீல் அந்தப் புத்தகத்தைத்தான் பிரித்தார்.

"அவள் புன்னகையில் இந்த மக்களின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைக் கண்டேன். இவர்கள் கோபம் அறியாதவர்கள். நெருப்பையும் மன்னிப்பவர்கள்" என்று ராகம் போட்டுப் படித்தார். "செத்துப்போன பொண்ணோட அக்காவே மன்னிச்சுட்டாங்க ஐயா. இதுக்கு மேல எதுக்கு இழுக்கணும்?"

விசாரணை அதிகாரி தலையாட்டினார். வழக்கை ஊற்றி மூடப் பார்க்கிறார்கள் என்று காஜாக்காவுக்குப் புரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"பொறுமையாப் பேசு" என்று கணவர் கையைப் பிடித்தார். உதறிவிட்டு எழுந்தாள்.

"அவரு வந்தப்போ நீங்க சிரிச்சது உண்மைதானேம்மா?" என்றார் வக்கீல்.

"சிரிச்சேன்யா! வீட்டுக்கு வந்த மனுஷன் மூஞ்சியில கதவைச் சாத்தவா சொல்றீங்க? கதவைப் பூட்டுற பழக்கம் உங்க முதலாளிக்குத்தான். மன்னிச்சேன்னு நான் எப்போ சொன்னேன்? என் தங்கச்சி வெந்து செத்தா. அதை மன்னிக்க, புத்தகம் எழுதின அந்த ஆளு யாரு?"

அறையே அதிர்ந்தது. அதிகாரி மேசையைத் தட்டினார்.

"கத்தாதீங்கம்மா. இது உங்க வீடு இல்ல."

"தெரியும்யா. என் வீடா இருந்தா சிரிச்சுக்கிட்டே டீ குடுத்திருப்பேன். இங்க கத்தத்தான் வந்தேன். நான் மன்னிக்கலன்னு எழுதுங்க!"