புரட்டாதிச் சனியும் கொம்பனும்

"இது என்னடி, எருமையா?" என்று அவள் கேட்ட அந்த நிமிடத்தில்தான் அவனைச் சரியாகப் படம் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் வந்து விழுந்தது.

அவள் என்னோடு ஒரே அலுவலகத்தில் மென்பொருள் வேலை பார்ப்பவள். கோயம்புத்தூரிலிருந்து ஒஸ்லோவுக்கு வந்து இரண்டு குளிர்காலம் பார்த்தாயிற்று. அன்று காலை நான் கைபேசியில் எடுத்த படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். படத்தில் ஒரு மண்ணிறப் பூச்சு, அதன் மேல் கிளை போல ஏதோ ஒன்று.

நான் பார்த்தது வேறு. நகரோரத்துக் குரோருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் சறுக்குமரத்தடியில் ஒரு எல்க் நின்றது. மானினத்தில் அதைவிடப் பெரியது இல்லை. நான் இந்த நாட்டிலேயே பிறந்தவள், எல்க் எனக்குப் புதிதல்ல; வீதியோரப் பலகையில் பார்த்திருக்கிறேன், தூரத்து வயலில் குட்டியோடு பார்த்திருக்கிறேன். ஆனால் கொம்பு முற்றிய ஓர் ஆணை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அதன் முதுகு என் தலைக்கு மேலே இருந்தது. இரண்டு பக்கமும் அகல விரித்த கை போலக் கொம்பு. இடப்பக்கத்தில் ஒரு விரல் முறிந்திருந்தது. மூக்கால் ஒரு மூச்சு விட்டது, புகை போல வந்தது. பிறகு, எனக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது போல, லில்லோமார்க்காக் காட்டுக்குள் போய்விட்டது. நான் ரயிலைத் தவறவிட்டேன்.

"எருமை இல்லையெடி. எல்க். ஆண். கொம்பன்."

"படத்துல எருமைதான் தெரியுது. நான் என்ன பண்ண?"

அன்று மாலையே யாரோ விற்கப் போட்டிருந்த பழைய நீள லென்ஸ் ஒன்றைப் போய் வாங்கி வந்தேன். அவன் முகம் வேண்டும். கண்ணும் மூக்கும் கொம்பும் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு படம். இணை தேடி அவன் காட்டைக் கலக்கும் இந்தப் பருவத்திலேயே அதை எடுக்க வேண்டும். இரவு படுக்கையில்கூட விரல் தானாகக் கமராவின் பொத்தானைத் தேடியது.

எங்கள் அலுவலகத்தில் வேட்டைக் குழு ஒன்றில் இருக்கும் நோர்வேக்காரன் ஒருவன் உண்டு. மதியம் பாணும் பழுப்புச் சீஸும் தின்றுகொண்டே, தன் மொழியில், மிக அமைதியாக எங்களுக்குப் பாடம் எடுத்தான்.

"இப்போது அவன் சாப்பிட மாட்டான். குளம்பால் கிடங்கு தோண்டுவான். அதற்குள் மூத்திரம் பெய்து, அதிலேயே புரளுவான். அந்த மணத்துக்குத்தான் பெண் எல்க் தேடி வரும்."

அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "எங்க ஊர்ப் பசங்க சென்ட் அடிச்சிட்டு வருவாங்க. இவன் பரவாயில்ல, செலவில்லாம முடிச்சிட்டான்."

நான் முறிந்த கொம்பைப் பற்றிச் சொன்னேன். அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அவனை நாங்களும் கண்டிருக்கிறோம். ஒக்டோபர் ஐந்திலிருந்து எங்கள் குழு அந்தப் பக்கம்தான் இறங்கும். படம் வேண்டுமென்றால் அதற்கு முதல் எடு. பிறகு கேட்டால் ப்ரீசரைத் திறந்துதான் காட்ட முடியும்."

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் பாணை மூடி வைத்துவிட்டு நாட்காட்டியைத் திறந்தேன்.

வேலை நாட்களில் இருட்டுவதற்குள் காட்டின் உட்பகுதிக்குப் போய்ச் சேர முடியாது. என்னோடு வருவதாகச் சொன்ன அவளுக்கு ஞாயிறுகளில் பகுதிநேரமாக இன்னொரு வேலை. மிஞ்சியது சனி. அங்கேதான் அம்மா குறுக்கே வந்தா.

"சனி முழுக்கக் காட்டுக்கை நிண்டால் கோயிலுக்கு ஆர் போறது?"

"கொம்பன் புரட்டாதியிலைதான் அம்மா வெளியிலை வருவான்."

"சனீஸ்வரனும் புரட்டாதியிலைதான் பாப்பார். ஏழரை நடக்கிறது உனக்கு, மானுக்கில்லை."

புரட்டாதிச் சனிகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பது எங்கள் வீட்டில் பேச்சுக்கு இடமில்லாத விஷயம். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, சிட்டி என்ற சிறு மண்விளக்கில் வைத்து, நல்லெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும். ஏழரைச் சனி பிடித்தவரே கொளுத்த வேண்டும், ஆள் வைத்துச் செய்ய முடியாது. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். காலையில் கோயில், அங்கிருந்து நேரே காடு.

முதல் சனி அப்படித்தான் போனேன். கோயில் வாசலில் வரிசை. குளிர் என்பதால் யாரும் ஜக்கெற்றைக் கழற்றவில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் சிட்டி, எனக்குப் பின்னால் நின்றவரின் சிட்டி, எல்லாம் ஒன்றாக எரிந்து கறுப்புப் புகை எழும்பியது. நான் கும்பிட்டதைவிடக் கைபேசியில் நேரம் பார்த்ததுதான் கூட. திருநீறு பூசிய கையோடு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அவள் காட்டு வாசலில் கமரா முக்காலியோடு நின்றாள். சதுப்பைத் தாண்டி, கரையில் ஒரு கிடங்கைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்தது மூக்கு. பூனை மூத்திரமும் பழைய சாராயமும் கலந்தால் எப்படியோ அப்படி ஒரு நாற்றம். சுற்றியிருந்த இளம் மரங்களின் பட்டை உரிந்து வெள்ளையாகத் தொங்கியது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இரண்டு மரங்களுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். காற்றுத் திசையைக் கைபேசியில் பார்த்துத்தான் உட்கார்ந்தோம், நாங்கள் படித்தவர்கள் அல்லவா. எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. ஒரு கால் தூங்கினால் மற்றக் கால் ஆடத் தொடங்கும். இருந்தும் இருந்தேன்.

அவன் வந்தான். சதுப்பின் அந்தக் கரையில், மரங்களுக்கிடையே, மெதுவாக. நின்றான். மூக்கை உயர்த்தினான். திரும்பிப் போய்விட்டான்.

"நீ அசைஞ்ச," என்றாள் அவள்.

"நான் அசையேல்லை."

"உன் கால் ஆடினது எனக்கே கேட்டுச்சு."

அடுத்த சனிக்கு அவள் ஆயத்தமாக வந்தாள். பெண் எல்க்கின் கூப்பாட்டை யாரோ போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்துப் பழகியிருந்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, நீளமாக, அழுவது போல ஒரு சத்தம். தன் அறையில் பழகும்போது பக்கத்து அறைக்காரி கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாளாம். வெறும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றும் கொண்டு வந்திருந்தாள். அதை மரப்பட்டையில் உரசினால் இன்னொரு கொம்பன் கொம்பு தேய்ப்பது போலக் கேட்கும்.

நான் அன்றும் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தேன்.

அவள் கூப்பிட்டாள். போத்தலால் உரசினாள். காட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. விக்கல் போல, கட்டையாக, திரும்பத் திரும்ப. கமராவைக் கண்ணில் வைத்தேன். கொம்பன் அவள் ஒளிந்திருந்த மரத்துக்கு மிகக் கிட்டவாக நடந்து வந்தான். அவளைக் கவனிக்கவே இல்லை. முறிந்த விரல் எனக்குத் தெரிந்தது. இன்னும் நாலடி முன்னுக்கு வந்தால் முகம் முழுதாகத் தெரியும். அப்போது என் பிடரியில் காற்றுப் பட்டது. என்னைத் தாண்டி அவன் பக்கம் போனது. அவன் தலை சட்டென்று என் திசைக்குத் திரும்பியது. மூக்கு விரிந்தது. அவ்வளவுதான். அந்தப் பெரிய உடம்பு ஒரு சுள்ளியைக்கூட முறிக்காமல் மறைந்தது.

நான் முழங்காலில் முகத்தைப் புதைத்தேன், ஆத்திரத்தில். அப்போதுதான் என் சட்டைக்கையின் மணம் எனக்கே ஏறியது. நல்லெண்ணெய், கருகிய எள், கற்பூரம். முழுக் கோயிலையும் உடுத்திக்கொண்டு வந்து காட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன்.

"எடி, இஞ்சை வா. என்னை ஒருக்கா மணந்து பார்."

அவள் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. "போன வாரமே சொல்லலாம்னு நெனச்சேன். சந்நிதிக்குள்ள நிக்கிற மாதிரி வாசம். சரி, பக்தியா இருக்கேன்னு விட்டுட்டேன்."

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே."

"கோயில் வாசத்தைப் போய்க் குத்தம் சொல்வாங்களா யாராச்சும்?"

வேட்டைக்கு முன் ஒரே ஒரு சனிதான் பாக்கி. அந்த வாரம் முழுக்க ஜக்கெற் பால்கனியில் மழையிலும் காற்றிலும் தொங்கியது. அம்மாவோடு மீண்டும் பேச்சுவார்த்தை நடந்தது. விடிய முதல் காடு, பத்து மணிக்குக் கோயில்.

"வாயிலை ஒண்டும் போடாமல் போ. விரதம்."

"கொம்பனும் இப்ப விரதம்தான் அம்மா."

"அவன் ஒழுங்காப் பிடிக்கிறான். நீ போன கிழமை பஸ்ஸுக்குள்ளை சொக்கிலேற் திண்டனீ."

விடியும்போது சதுப்பின் மேல் புகார் வெண்புகை போலக் கிடந்தது. மணமில்லாத சோப்பால் குளித்திருந்தேன். கிடங்குக்கு மிகக் கிட்டவாக, ஒரு தடித்த மரத்தின் பின்னால் இருந்தேன். அவள் இரண்டு தடவைதான் கூப்பிட்டாள். போத்தலை எடுக்கவே இல்லை. அவன் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தான்.

புகாருக்குள்ளிருந்து முதலில் கொம்பு, பிறகு மூக்கு, பிறகு மிச்சம். நான் கமராவைத் தூக்கினேன். லென்ஸ் முன்னும் பின்னும் இழுபட்டது, பிடிக்கவில்லை. இத்தனை நாளும் எட்டாத தூரத்தில் நின்றவன் இப்போது அந்த நீள லென்ஸுக்குப் பிடிபடாத அளவுக்குக் கிட்டவாக வந்துவிட்டான். கண்ணாடிக்குள் மயிர் மட்டும் தெரிந்தது. அழுத்தினேன். திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

"மரத்துக்குப் பின்னாடி போ," என்று அவள் கிசுகிசுத்தது கேட்டது. அவள் குரலில் பகிடி இல்லை. நான் கமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். அவன் காதுகள் பின்னுக்கு மடிந்திருந்தன. பிடரி மயிர் எழும்பி நின்றது. நாக்கால் உதட்டை நக்கினான். இது நல்ல அடையாளமில்லை என்று எங்கள் அலுவலக வேட்டைக்காரன் சொன்னது நினைவுக்கு வந்தது. பின்னுக்கு ஓரடி வைத்தேன், சறுக்கினேன். ஒரு முழங்காலும் ஒரு கையும் நேரே அவன் கிடங்குக்குள் போயின. கமராவை மட்டும் தலைக்கு மேலே பிடித்திருந்தேன். ஊர்ந்து மரத்துக்குப் பின்னால் போனேன். அந்தப் பக்கம் அவன் ஒரு சிறு மரத்தைக் கொம்பால் அடித்து நொறுக்கினான். பட்டைத் துண்டுகள் என் மேல் வந்து விழுந்தன.

பிறகு தூரத்தில், உண்மையான பெண் எல்க் ஒன்று கூப்பிட்டது. அவள் பழகிய சத்தத்தைவிட அது எவ்வளவோ மெல்லியதாக இருந்தது. அவன் போய்விட்டான்.

இருவரும் கமராவைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தோம். மயிர், மயிர், மங்கிய மயிர்.

"முன்னேறிட்டடி," என்றாள். "இது எருமை இல்ல. கம்பளி."

ஒரேயொரு படத்தில் ஒரு காது இருந்தது. வலக்காது. அதன் மேல்விளிம்பில் ஒரு துண்டு பிய்ந்து, ஆங்கில வி எழுத்துப் போல வெட்டு. அது மட்டும் ஒவ்வொரு மயிராக எண்ணக்கூடிய தெளிவில் இருந்தது.

வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்ற நேரமில்லை. அப்படியே கோயிலுக்கு ஓடினேன். வரிசையில் நின்றதும் எனக்கு முன்னால் ஒரு வெளி உண்டானது. பின்னாலும் உண்டானது. முதியோர் இல்லத்து வேலை முடிந்து நேரே வந்திருந்த அம்மா என்னை நோக்கி வந்து, பாதி வழியில் நின்றுவிட்டா.

"என்னடி இது மணம்?"

"கிடங்குக்கை விழுந்திட்டன்."

"என்ன கிடங்கு?"

சொன்னேன். அம்மா கண்ணை மூடித் திறந்தா. என்னைத் திட்டப்போகிறா என்று நினைத்தேன். என் சட்டைக்கை நுனியை இரண்டு விரலால் பிடித்து, வாசலுக்கு வெளியே, காற்று அடிக்கும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனா. சிட்டியையும் நெருப்புப் பெட்டியையும் கொண்டுவந்து படியில் வைத்தா.

"இஞ்சை நிண்டு கொளுத்து. சனீஸ்வரன்ரை பார்வை தூரத்துக்கும் படும்."

எண்ணெய் எரிந்து முடியும் வரைக்கும் அம்மாவும் தள்ளித்தான் நின்றா. பிறகு படத்தைக் கேட்டா. கைபேசிக்கு அனுப்பி வைத்திருந்த காதைக் காட்டினேன்.

"பாவம், பிஞ்சு போச்சு. ஆர் கடிச்சது?"

"வேறை கொம்பனாய் இருக்கும். சண்டை."

"முகம் எங்கை?"

"முகம் இல்லை அம்மா."

வேட்டை தொடங்கியது. ஒவ்வொரு திங்களும் நான் வேட்டைக்காரனின் மேசைக்குப் போய் நின்றேன். அவர்கள் குழு ஒரு பெண் எல்க்கையும் ஒரு குட்டியையும்தான் சுட்டிருந்தது. ஆனால் காட்டுக்குள் இருக்கும் ஏரிக்கு அந்தப் பக்கக் குழு ஒரு பெரிய ஆணைச் சுட்டதாக அவன் கேள்விப்பட்டிருந்தான்.

"இடக்கொம்பு முறிந்ததா?" என்று கேட்டேன்.

"நான் பார்க்கவில்லை. ஆனால் இந்தப் பருவத்துக்குப் பிறகு எல்லாக் கொம்பிலும் ஏதாவது முறிந்திருக்கும். குளிர்காலத்தில் கொம்பே விழுந்துவிடும். பிறகு ஒன்றையொன்று பிரித்தறிவது கஷ்டம்."

"காது?"

அவன் யோசித்தான். "காது விழாது," என்றான்.

இந்தக் கிழமை முதல் பனி பெய்திருக்கிறது. பனி வந்தால் எல்க்குகள் காட்டோரத்து இளம் பைன் மரங்களைத் தின்ன இறங்கி வரும், சுவடும் தெளிவாக விழும். புரட்டாதி முடிந்து சனிக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. இன்னும் வேட்டைக்காரர் திரிவதால், அம்மா வேலையிடத்திலிருந்து இரண்டு மஞ்சள் ஒளிச்சட்டை கொண்டுவந்து வைத்திருக்கிறா. கட்டாயம் போட வேண்டுமாம், அவளுக்கும் ஒன்று. ஜக்கெற் பால்கனியில் விறைத்துத் தொங்குகிறது. நீள லென்ஸை வீட்டில் விடுகிறேன்; அவள் தன் சின்ன லென்ஸைத் தருகிறாள்.

நாளைக்கு விடிய வெளிக்கிடுகிறோம். சதுப்பிலிருந்து தொடங்கி, கிடைக்கும் ஒவ்வொரு சுவட்டையும் பிடித்துப் போவதாகத் திட்டம். கொம்பை நான் பார்க்கப் போவதில்லை. முதலில் வலக்காது. அது இருந்தால், அதற்குக் கீழே முகம்.